சல்பைட்டா, சல்பைடா: கிருஷ்ணகிரியில் டார்க் ரூம் கெமிக்கல் வாங்கும் பாடு

"பார்சல் ரிட்டர்ன் போயிடுச்சு சார். மேலே கெமிக்கல்னு எழுதியிருந்தாங்க" என்றார் கூரியர் ஆபீஸ் பையன். மும்பையில் கிளம்பிய டப்பா பெங்களூர் வரை ஒழுங்காக வந்திருக்கிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். அந்தக் கடைசித் துண்டில் யாரோ உறையின் மேல் இருந்ததைப் படித்துப் பார்த்துவிட்டார்கள். உள்ளே இருந்தது 100 கிராம் மெட்டால், அரைக் கிலோ சோடியம் சல்பைட். இரண்டுமே வெள்ளைப் பொடி. ஒன்று கருப்பு வெள்ளை பிலிமில் படத்தை எழுப்பும். மற்றது அந்தக் கரைசல் சீக்கிரம் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றால் தேசிய நெடுஞ்சாலை 44ல் டேங்கர்கள் வரிசையாகப் போகின்றன. ஆரஞ்சுப் பலகையில் ஆபத்துக் குறியும் அவசர எண்ணும் எழுதிக்கொண்டு ஆயிரக்கணக்கான லிட்டர் அமிலமும் கரைப்பானும் இந்த ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். சென்னைச் சாலையும் பெங்களூர்ச் சாலையும் சேலம் சாலையும் கூடுகிற இடம் இது. டேங்கர் டேங்கராகப் போகிற ஊருக்கு ஒரு டப்பா வந்து சேரவில்லை.

பொருள் அரிதாகிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். மூன்று வருஷம் அலைந்ததில் எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. தகராறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று அளவு, இன்னொன்று பெயர்.

முதலில் என்ன வேண்டும் என்று பார்த்துவிடலாம். ஸ்டூடியோக்காரர்கள் பிலிம் 'கழுவுவது' என்று சொல்லும் வேலைக்கு மூன்று கரைசல் போதும். படத்தை எழுப்பும் டெவலப்பர், அதை நிறுத்தும் ஸ்டாப் பாத், கடைசியில் ஹைப்போ என்று எல்லோரும் சொல்லும் ஃபிக்ஸர். டெவலப்பர்களில் உலகம் முழுக்கப் பழகியது டி-76. கோடக் 1920களில் கொண்டுவந்தது, ரகசியச் சூத்திரம் ஒன்றுமில்லை. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். ஃபிக்ஸர் இன்னும் எளிது. சோடியம் தயோசல்பேட் கால் கிலோவைத் தண்ணீரில் கரைத்து ஒரு லிட்டர் ஆக்கினால் வேலை நடக்கும். வெள்ளி உப்பை இது கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819லேயே கண்டுபிடித்துவிட்டார். போட்டோகிராபி உலகுக்கு அறிவிக்கப்பட்டது அதற்கு 20 ஆண்டு கழித்து, 1839ல்.

இப்போது அளவுக்கு வருவோம். மெட்டாலுக்குக் கடைக்காரர் தரும் மிகச் சிறிய டப்பா பெரும்பாலும் 100 கிராம். லிட்டருக்கு 2 கிராம் என்றால் அது 50 லிட்டருக்கு வரும். லிட்டருக்கு நாலு ரோல் கழுவினால் 200 ரோல். மாதம் இரண்டு ரோல் எடுக்கிற எனக்கு எட்டு வருஷத்துக்கு மேல் போதும், அதற்குள் மெட்டால் பழுப்பாகிக் கெட்டுவிடும். சல்பைட் கதை நேர் எதிர். அதுதான் கிலோக் கணக்கில் தீர்கிறது. மொத்த வியாபாரியிடம் கேட்டால் 25 கிலோ மூட்டை, ஆய்வகப் பொருள் கடையில் கேட்டால் அரைக் கிலோ புட்டி. மூட்டைக்கும் புட்டிக்கும் நடுவில் ஒரு அளவு இருந்தது. அதை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஸ்டூடியோக்காரர்கள்.

பேருந்து நிலையத்தைச் சுற்றி இரண்டு மூன்று ஸ்டூடியோ இல்லாத ஊரே ஒரு காலத்தில் இல்லை. பாஸ்போர்ட் சைஸ் படம், கல்யாண ஆல்பம், ஹால் டிக்கெட் படம் என்று தினமும் டார்க் ரூம் ஓடியது. அவர்களுக்குச் சரக்கு போடப் பெங்களூரிலும் சேலத்திலும் ஆள் இருந்தார்கள். பிலிமும் பேப்பரும்கூட வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும் என்றில்லை. ஊட்டியில் 1960ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை பிலிமும் பேப்பரும் எக்ஸ்ரே பிலிமும் போட்டது. அரசு நிறுவனம். பல வருஷம் நலிந்து கிடந்து மூடிவிட்டார்கள். கலர் லேப் வந்ததும் ஸ்டூடியோவின் டார்க் ரூம் குடோன் ஆனது, டிஜிட்டல் வந்ததும் அந்தக் குடோனும் ஜெராக்ஸ் கடை ஆனது. எனக்குப் பிலிம் கழுவக் கற்றுக்கொடுத்த ஸ்டூடியோ அண்ணன், நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரைக் கொடுக்கும்போது பேரம் எதுவும் பேசவில்லை. "எடுத்துட்டுப் போ தம்பி, கெமிக்கலுக்கு நீ எங்கே போவேன்னுதான் தெரியலை" என்றார்.

உலக அளவிலும் இதே கதைதான், கொஞ்சம் பெரிய எழுத்தில். ஈஸ்ட்மன் கோடக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டது. அதன் பிறகு கோடக் பெயர் போட்ட கெமிக்கல் பாக்கெட்டின் உரிமை கைமாறிக்கொண்டே இருந்தது. 1847 முதல் நடந்துவந்த ஜெர்மனியின் டெடெனால் 2018ல் திவாலானது. ஒரு பிராண்டையே நம்பி இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கிற யோசனையை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். ஒரு லிட்டர் திரவத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவரும் செலவுக்கு இங்கே ஒரு பழைய கேமராவே வாங்கிவிடலாம்.

சரி, உள்ளூர்ப் பார்சல் ஏன் நிற்கிறது? விமானத்தில் ஏறும் சரக்குக்கு உலகம் முழுக்க ஒரே வகைப்பாடு உண்டு. ஆபத்தான பொருட்களை ஒன்பது வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஸ்டாப் பாத்துக்குப் பயன்படும் கெட்டி அசிட்டிக் அமிலம் 8ஆம் வகுப்பு, அதாவது அரிக்கும் பொருள். கூடவே 3ஆம் வகுப்பு, தீப்பற்றும் திரவம். 39 டிகிரி சூட்டிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும், நம் ஊர் மே மாதத்துக்கு அது பெரிய சூடு இல்லை. அதை விமானத்தில் ஏற்ற மாட்டேன் என்றால் நானே கைதட்டுவேன். சோடியம் சல்பைட், தயோசல்பேட், போராக்ஸ் மூன்றும் எந்த வகுப்பிலும் வருவதில்லை. மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்பதால் 9ஆம் வகுப்பில் வருகின்றன. ஆனால் அந்த வகைப் பொருள் உள் பொட்டலத்தில் 5 கிலோவுக்குள் ஒழுங்காகக் கட்டியிருந்தால் மற்ற நிபந்தனைகளிலிருந்து விலக்கு என்று அதே விதியில் இருக்கிறது. என் டப்பா 100 கிராம்.

ஆக விதி தடுக்கவில்லை, கவுன்ட்டர் தடுக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பொட்டலம் பார்க்கிறவர். 'கெமிக்கல்' என்ற சொல்லைக் கண்டதும் ஒதுக்கிவைப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. வாங்கிப் போட்டு ஏதாவது ஆனால் அவர் தலைதான் உருளும், மறுத்தால் ஒன்றும் ஆகாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தபால் துறையின் பயமும் பழையதுதான். வெடிக்கக்கூடிய, ஆபத்தான, அசுத்தமான, தீங்கு விளைவிக்கும் பொருள் எதையும் தபாலில் அனுப்பக் கூடாது என்று 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூனில் புதிய அஞ்சல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கவுன்ட்டரில் கேட்கிற "உள்ளே என்ன இருக்கு?" மட்டும் மாறவில்லை.

அமிலம் என்ற சொல்லுக்குத் தனிக் கதை இருக்கிறது. அமில வீச்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவர் புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும், கடைக்காரர் பதிவேடு வைக்க வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. தேவையான உத்தரவு, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. போதாததற்கு அசிட்டிக் அமிலத்துக்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடு என்று ஒரு பங்காளி உண்டு. ஹெராயின் காய்ச்ச உதவும் என்பதால் அது போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பாதிப் பெயர் ஒன்றாக இருப்பதே கடைக்காரர் முகம் மாறப் போதும்.

பெயர்த் தகராறு இங்கே ஆரம்பிக்கிறது, தமிழில் எழுதினால் அது இன்னும் முற்றுகிறது. எனக்கு வேண்டியது சல்பைட். தோல் பதனிடும் ஆலைகளில் முடி நீக்கப் பயன்படுவது சல்பைடு, அதுவும் சோடியம்தான். ஆங்கிலத்தில் ஒன்று 'ite' என்றும் மற்றது 'ide' என்றும் முடிவதால் கண்ணுக்காவது வேறாகத் தெரியும். தமிழில் இரண்டுக்கும் அதே 'ட'தான். சிலர் இரண்டையும் 'சல்பைட்' என்றே எழுதுகிறார்கள், போனில் கேட்டால் வித்தியாசம் சுத்தமாக இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் ஆலைகளுக்குச் சரக்கு போடுகிற வியாபாரியிடம் போனில் "சோடியம் சல்பைட் ரெண்டு கிலோ" என்றால் அவர் எதை நினைப்பார்? எனக்கு ஒருமுறை மஞ்சள் செதில்களாக வந்தது. மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை. அதில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், அது ஆளைக் கொல்லும் வாயு. பூட்டிய குளியலறையில் ஸ்டாப் பாத் பக்கத்தில் அதை வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் யோசிப்பேன். சரியான சல்பைட் வெள்ளைப் பொடி. தீக்குச்சி உரசியது போல லேசாக வாடை வந்தாலும் வரும், முட்டை வாடை வரவே வராது.

அப்புறம் ஹைப்போ. போட்டோக்காரர்களுக்கு ஹைப்போ என்றால் தயோசல்பேட். கொரோனாவுக்குப் பிறகு ஊரில் யாரிடம் ஹைப்போ கேட்டாலும் சோடியம் ஹைப்போகுளோரைட்டைத்தான் எடுத்துத் தருகிறார்கள். ஆஸ்பத்திரித் தரையைத் துடைப்பதும் பேரூராட்சி வண்டியில் தெளிப்பதும் அதுதான். பிலிமை அதில் போட்டால் படத்தோடு ஜெலட்டினும் கரைந்து வெறும் பிளாஸ்டிக் மிஞ்சும். அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு. ஹைட்ரோகுயினோன் கேட்டுப் போன மருந்துக்கடையில் "முகத்துக்குப் போடற க்ரீமா? சீட்டு இருக்கா?" என்றார்கள். கரும்புள்ளிக்குத் தரும் க்ரீமில் அது இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

இப்போதெல்லாம் நான் பெயரோடு சேர்த்து சி.ஏ.எஸ். எண்ணையும் சொல்லித்தான் வாங்குகிறேன். ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உலகம் முழுக்க ஒரே எண். சோடியம் சல்பைட் 7757-83-7. படிகத் தயோசல்பேட் 10102-17-7. எண்ணிலும் கவனம் வேண்டும். சோப்புத் தூளில் கலக்கிற சோடியம் சல்பேட் 7757-82-6, இரண்டே இலக்கம்தான் வேறு.

வரிக்காரர்களும் பெயர் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். சல்பைட்டும் தயோசல்பேட்டும் வெறும் சரக்காக வந்தால் 2832 என்ற தலைப்பில் வரும். அதையே போட்டோ வேலைக்கென்று அளந்து பொட்டலம் கட்டிச் சில்லறைக்கு வைத்தால் 3707. அதே பொடிதான். பில்லில் 'போட்டோகிராபிக் கெமிக்கல்' என்று ஒரு வரி ஏறியதும் அது வேறு சாதிப் பொருளாகிவிடுகிறது.

இந்தத் தலைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால் பாதிச் சரக்கு ஊரிலேயே இருக்கிறது. போராக்ஸ் என்றால் முழிக்கிற நாட்டு மருந்துக் கடைக்காரர் வெங்காரம் என்றால் சட்டென்று எடுத்துத் தருவார், நகைப் பட்டறைகளிலும் அது தினசரிப் பொருள். ஃபிக்ஸரில் ஜெலட்டினை இறுக்குவதற்குச் சேர்க்கும் பொட்டாஷ் ஆலம், திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிற படிகாரமேதான். அசிட்டிக் அமிலத்துக்குப் பதில் சிட்ரிக் அமிலம் லிட்டருக்கு 15 கிராம் போட்டால் அருமையான ஸ்டாப் பாத், மூக்கும் எரியாது. கிருஷ்ணகிரியில் சிட்ரிக் அமிலத்துக்கா பஞ்சம்? மாம்பழக் கூழ் ஆலைகளில் புளிப்பைச் சரிக்கட்டுவது அதை வைத்துத்தான். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் நிற்கிறது. தயோசல்பேட் அலங்கார மீன் கடையில் குளோரின் நீக்கும் படிகமாகக் கிடைக்கிறது. பார்க்கக் கற்கண்டு மாதிரி இருக்கும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

எக்ஸ்ரே லேபுகளும் கொஞ்ச நாள் கைகொடுத்தன. மருத்துவச் சாமான் கடையில் டெவலப்பரும் ஃபிக்ஸரும் பொடியாகவே கிடைக்கும். ஒரு பாக்கெட் 13.5 லிட்டர் தொட்டிக்கு. எலும்பு பளிச்சென்று தெரிய வேண்டும் என்று செய்த டெவலப்பர் என்பதால் ஆள் முகத்தை அதில் கழுவினால் வெள்ளை வெளேர், கருப்பு கரேல். ஃபிக்ஸரில் அந்தக் குறை கிடையாது. ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக டிஜிட்டலுக்கு மாற, அந்தப் பாக்கெட்டும் 'சொல்லி வைத்தால் வரும்' சாமானாகிவிட்டது.

வேறு தொழிலின் அலமாரியிலிருந்து எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. தூய்மைக்கு யாரும் பொறுப்பில்லை. ஆய்வகத் தரம் என்றால் புட்டியில் சதவீதம் அச்சிட்டிருக்கும், மூட்டையிலிருந்து பிரித்துக் கட்டிய கமர்ஷியல் சரக்குக்கு அது கிடையாது. சல்பைட் காற்றுப் பட்டால் மெல்ல சல்பேட்டாகிவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, இரண்டும் வெள்ளை. தயோசல்பேட் படிகம் 48 டிகிரியில் தன்னுள் இருக்கும் தண்ணீரிலேயே உருகிவிடும். கோடையில் மூடிய லாரிக்குள் இரண்டு நாள் கிடந்து எனக்கு வந்த பை ஒரே கட்டியாக, செங்கல் போல இருந்தது. உடைத்துப் பயன்படுத்தினேன், ஒன்றும் குறையில்லை.

சோதிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. கேமராவில் மாட்டும்போது வெளிச்சம் பட்டு வீணாகும் பிலிம் நுனியைச் சேர்த்து வைக்கிறேன். வெளிச்சத்திலேயே அதில் ஒரு துண்டை டெவலப்பரில் போட்டால் சில நிமிஷத்தில் கரியாகக் கறுக்க வேண்டும். கறுக்கவில்லை என்றால் ரோலை வெளியே எடுக்காதே. இன்னொரு துண்டை ஃபிக்ஸரில் போட்டுக் கண்ணாடி மாதிரி தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, பிலிமை அதைப் போல இரண்டு மடங்கு நேரம் வைத்தால் போதும்.

தண்ணீரைச் சொல்லாமல் விட முடியாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பிலிமுக்கு ஃபுளோரைடு பிரச்சினை இல்லை. போர் தண்ணீரின் கடினத்தன்மைதான் பிரச்சினை. சல்பைட்டோடு கால்சியம் சேர்ந்து அடியில் மண்டி கட்டும், காய்ந்த நெகட்டிவில் வெள்ளைத் திட்டு விழும். பெட்ரோல் பங்க்கில் பேட்டரிக்கு விற்கிற காய்ச்சி வடித்த நீரில் கலக்குவது என் வழக்கம். சூடு அடுத்த தலைவலி. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும், மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் 30ஐத் தாண்டிக் கொதிக்கிறது. தயோசல்பேட் கரையும்போது தண்ணீரைச் சில்லென்று ஆக்கும் என்பது ஒன்றுதான் அந்த மாதத்தில் கிடைக்கிற ஆறுதல்.

மெட்டாலே வேண்டாம் என்று ஒரு வழியும் உண்டு. அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் 1995ல் ஒரு வகுப்பில் காபியை வைத்து டெவலப்பர் செய்து பார்த்தார்கள், பெயர் காஃபெனால். இன்ஸ்டன்ட் காபி 40 கிராம், வைட்டமின் சி 16 கிராம், நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், 15 நிமிஷம். எல்லாமே நடந்து போய் வாங்கக்கூடியவை. இரண்டு இடத்தில் சறுக்கினேன். நம் ஊர் இன்ஸ்டன்ட் காபி பலவற்றில் சிக்கரி கலந்திருக்கிறது, வேலை செய்வது காபியில் இருக்கும் அமிலங்கள், சிக்கரி வெறும் நிறம்தான். சலவைச் சோடா கேட்டதற்கு ஆப்ப சோடா கொடுத்தார்கள், அதில் காரம் போதாமல் பிலிம் வெற்றாக வந்தது. சரியாகச் செய்தால் படம் வருகிறது. ஆனால் அந்த வாடை! ஃபில்டர் காபி குடித்து வளர்ந்தவனால் தாங்க முடியாத வாடை. அவசரத்துக்குச் சரி.

நான் கடைசியாக வந்து நின்ற இடம் டி-23. கோடக்கின் இன்னொரு பழைய சூத்திரம், இரண்டே பொருள்: லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், சல்பைட் 100 கிராம். ஹைட்ரோகுயினோன் வேண்டாம், போராக்ஸ் வேண்டாம். கலக்கும்போது ஒரு சிட்டிகை சல்பைட், அப்புறம் மெட்டால் முழுவதும், பிறகு மீதி சல்பைட். கெட்டியான சல்பைட் கரைசலில் மெட்டால் கரையாது. கையுறை போடாமல் தொடாதீர்கள், மெட்டால் சிலர் தோலில் அரிப்பைக் கிளப்பிவிடும்.

100 கிராம் டப்பா இந்தக் கணக்கில் 13 லிட்டருக்குத்தான் வரும். ஓசூரில் ஒருவர், தர்மபுரியில் ஒரு கல்லூரி ஆசிரியர், நான். மூன்று பேர் பங்கு போட்டால் ஒரு வருஷத்துக்குள் தீர்ந்துவிடும், பழுப்பாக விடுவதில்லை. கூரியரை நம்புவதை விட்டுவிட்டோம். ஆய்வகப் பொருள் கடை லெட்டர்ஹெட் கேட்டால் ஆசிரியர் சொந்தப் பெயரில், என்ன வேலைக்கு என்று மறைக்காமல் எழுதிக் கொடுக்கிறார். யாராவது பெங்களூர் போகும்போது கையோடு வாங்கி வருகிறோம், கனமான சல்பைட் லாரி பார்சலில் குடோனுக்கு வருகிறது, நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். தீர்ந்துபோன ஃபிக்ஸரைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்க்கிறோம், அதில் வெள்ளி இருக்கிறது. கொலுசுப் பட்டறைகள் நிறைந்த சேலத்தில் அதைப் பிரித்தெடுக்கிறவர்கள் உண்டு, ஆனால் ஐந்து லிட்டருக்கெல்லாம் ஆள் அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். 50 லிட்டர் சேர்ந்ததும் சொல்லுங்கள் என்றார் ஒருவர். இப்போது கேனில் பதினொன்று இருக்கிறது.